நான்காவது கொக்கி

புது டார்ச் வேண்டும் என்று முதலில் கேட்டவர் என் கணவர்தான். பிறகு பலர் பலவிதமாகப் பேசிக்கொண்டதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஈஜிபுராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்த்தோம். அவர் பெயர் கோவிந்தப்பா. பம்பு, மோட்டார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. நான் தரைத்தளத்தில் ஹெல்ப்டெஸ்கில் உட்காருவேன். கூரியர், குழாய் ரிப்பேர், லிஃப்ட் புகார் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஜீவனஹள்ளியிலிருந்து ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் திரும்புவோம்.

அந்தக் கட்டடத்துக்குக் கீழே இரண்டு பேஸ்மென்ட். இரண்டிலும் வண்டிகள் நிற்கும். அடிப் பேஸ்மென்டின் கடைசி மூலையில் பம்பு அறை. கரண்ட் போனால் பட்டப்பகலிலும் அங்கே தன் கை தனக்குத் தெரியாது. போன் சிக்னலும் எட்டாது என்பதால் கீழே போகிறவர்கள் போனை மேலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகச் செக்யூரிட்டி அறைச் சுவரில் ஒரு பலகை அடித்து, ஆறு கொக்கியில் ஆறு டார்ச் மாட்டியிருந்தது. ஒவ்வொரு கொக்கிக்குக் கீழேயும் சார்ஜ் போட ஒரு பாயின்ட்.

பழைய டார்ச்சுகளும் சார்ஜ் போடுகிறவைதான். ஆனால் உள்ளே இருந்தது இழை பல்பு. கீழே விழுந்தால் போகும், சில சமயம் விழாமலே போகும். மாதத்துக்கு இரண்டு பல்பாவது வாங்கச் சொல்லி என் கணவர் என் மேஜைக்கு வந்து நிற்பார். பாட்டரியும் கிழடாகிவிட்டது, முழு ராத்திரி சார்ஜ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் சோர்ந்துவிடும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் செயலாளர் அனந்தபத்மநாபன் சார் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். புது எல்.இ.டி டார்ச் விலை இரண்டு மடங்கு. ஆனால் அதன் பல்பு ஐம்பதாயிரம் மணி நேரம் எரியும், மாற்றுகிற செலவே கிடையாது, ஒரு முறை முழுசாகச் சார்ஜ் ஏற்ற ஆகிற கரண்ட் சில பைசாதான். பழைய பல்புக்கு ஒரு வருஷத்தில் கொடுத்த காசைப் பார்த்ததும் எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை. சார் சொன்ன கணக்கு சரியான கணக்கு. இன்று கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அந்தக் கூட்டத்துக்கு என் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்த டார்ச் வந்தாலும் சரி, கொக்கி ஆறு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்தக் கொக்கிகள் அவர் கொண்டுவந்த வழக்கம். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை செய்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் தலைவிளக்கை வாங்கிக்கொண்டு இறங்குவார்கள், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு விளக்கு திரும்பவில்லை என்றால் ஓர் ஆள் உள்ளே இருக்கிறான். பேரைக் கூப்பிட்டுக் கேட்பதைவிட விளக்கைப் பார்ப்பதைத்தான் அங்கே நம்புவார்களாம். இங்கேயும் அதே முறையை வைத்தார். கீழே போகிற ஆள், விளக்கெல்லாம் எரிந்தாலும், டார்ச்சோடுதான் போக வேண்டும். மேலே வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் கீழே ஆள் இருக்கிறது. செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆண்ட்ரூவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தீ அலாரம் ஒத்திகை நடக்கும்போதெல்லாம் அவன் முதலில் ஓடிப் போய்ப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். நான்காவது கொக்கி என் கணவருடையது.

மே மாதம். காலையில் நல்ல வெயில். மதியம் வானம் ஒரேயடியாகக் கறுத்து வந்த நேரத்தில்தான் டார்ச் பெட்டி வந்தது. அனந்தபத்மநாபன் சார் அவரே இறங்கி வந்து பிரித்தார். உள்ளே ஏழு இருந்தன. ஆறு வாங்கினால் ஒன்று இலவசமாம். பேரமே பேசாமல் கிடைத்தது என்று அவருக்கு ஏக சந்தோஷம். கொக்கிகளில் இருந்த ஐந்து பழைய டார்ச்சுகளையும் எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, புதியவற்றை வரிசையாக மாட்டினார். நான்காவதிலும் மாட்டினார்.

அவர் கீழே பம்பு அறையில் இருக்கிறார், அந்தக் கொக்கியை விட்டுவிடுங்கள் சார் என்று சொன்னேன்.

"தெரியும்மா, அதுக்குத்தானே உன்னை அனுப்பறேன்" என்றார். "இந்த ஏழாவதைக் கொண்டுபோய்க் காட்டு. பிடிச்சிருக்கான்னு கேட்டுண்டு, கையோட அவரையும் கூட்டிண்டு வா. அவர் வந்து பழசைத் திருப்பிக் குடுத்தா கணக்கு முடிஞ்சுது."

ஐந்தை மாட்டி ஒன்றை மட்டும் காலியாக விட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். பிறகு சாப்பிட ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டார். ஆண்ட்ரூ அப்போது கேட்டில் இருந்தான். மழை தொடங்கியிருந்தது. நான் போனை மேஜை டிராயரில் வைத்துவிட்டு இறங்கினேன்.

பம்பு அறையில் அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். டார்ச்சைக் கொடுத்தேன். சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். அட்டையில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"அம்பதாயிரம் மணி நேரம் எரியுமாம் பல்பு. நான் ரிட்டயராவேன், இது ஆவாது."

"நீங்க ரிட்டயராவுற ஆளா? பம்பையும் கூடவே வீட்டுக்குத் தூக்கினு வருவீங்க."

"கீழ சின்ன எழுத்துல பாரு" என்று காட்டினார். முதல் முறை பயன்படுத்துவதற்கு முன் எட்டு மணி நேரம் சார்ஜ் செய்யவும் என்று போட்டிருந்தது. "கடைலருந்து அரை வயித்தோடதான் வருது" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் நிற்கவே இல்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்புறம் ராஜகாலுவே, மழைத்தண்ணீர் ஓடும் பெரிய கால்வாய். அதன் பக்கத்துக் காம்பவுண்டு சுவர் விழுந்து, கால்வாய்த் தண்ணீர் மொத்தமும் வண்டிகள் இறங்கும் சரிவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் சத்தம் மட்டும்தான். பிறகு விளக்குகள் அணைந்தன.

அவர் புது டார்ச்சைப் போட்டார். கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. செருப்பு நனைந்தது, அடுத்து கணுக்கால்.

"ஆண்ட்ரூதான் மெயின நிறுத்திருக்கான்" என்றார். "நல்ல வேல செஞ்சான். இல்லன்னா இந்தத் தண்ணில கால வெச்சாலே முடிஞ்சுது."

மோட்டார்கள் நிற்கும் சிமென்ட் மேடையில் என்னை ஏறி நிற்கச் சொன்னார். ஒன்றும் பயமில்லை, கதவைத் திறந்து வெளியே போய்த் தடுமாறுவதைவிட இங்கேயே இருப்பது நல்லது, ஆண்ட்ரூ இந்நேரம் சுவரைப் பார்த்திருப்பான், கயிற்றோடு வருவான் என்றார். சொல்லிக்கொண்டே ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டார்.

சொல்லாமல் இருக்க முடியாது.

"கொக்கி காலியா இல்லீங்க."

"நாலாவது என்னுது. இதோ கைலருக்கு."

"அதுலயும் புதுசு மாட்டிட்டாரு செக்ரட்டரி. ஆறும் நெறஞ்சிருக்கு."

அவர் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. அதைப் பையில் போட்டுவிட்டு, சார் யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்று கேட்டார். சாப்பிட மேலே போய்விட்டார் என்றேன். உன் மேஜை காலியாக இருக்குமே என்றார். மதிய நேரம், நானும் சாப்பிடப் போயிருப்பதாகத்தான் நினைப்பார்கள் என்றேன்.

மேலே அப்போது அப்படியேதான் நடந்திருக்கிறது. ஆண்ட்ரூ சரிவில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும் ஓடி வந்து சுவரைப் பார்த்தான். ஆறு டார்ச். வாக்கி டாக்கியில் பேஸ்மென்ட் கிளியர் என்று சொன்னான். எலக்ட்ரீஷியன் ரவிக்குமார் மெயினை இறக்கினான். சரிவுப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று கயிறு கட்டினார்கள். எல்லாம் என் கணவர் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு பிசகும் இல்லாமல். பல நாள் கழித்து அனந்தபத்மநாபன் சார் ஜீவனஹள்ளிக்கு எங்கள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே அழுதார். அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"அப்ப நடக்கணும்" என்றார் என் கணவர்.

கதவை இருவரும் சேர்ந்து தள்ளினோம். வெளியே முழங்காலுக்கு மேல் தண்ணீர், சாக்கடை நாற்றம். டார்ச்சை நீட்டினார். நிறுத்தியிருந்த வண்டிகள் இடம் மாறியிருந்தன. சின்ன வண்டிகள் மிதக்கத் தொடங்கிவிட்டன. ஒன்று மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தபடி நின்றது. மாடிப்படி எதிர் மூலையில். நடுவில் நேராகப் போனால் வண்டிகளுக்கு இடையில் மாட்டிக்கொள்வோம். சுவரோரமாகத் தீயணைப்புக் குழாய் ஒன்று, சிவப்பு நிறத்தில், படி வரைக்கும் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போவது என்று முடிவு செய்தார்.

பழைய டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"பழசு போறதுக்கு மின்ன மஞ்சளாவும், அப்புறம் செவப்பாவும். சொல்லிட்டுத்தான் போவும். இது அப்டி இல்ல, கடைசி வரைக்கும் வெள்ளையா எரிஞ்சிட்டு பட்டுன்னு அணைஞ்சிரும். பழச நீ வெச்சிக்க. இப்ப போடாத, பின்னாலருந்து நான் காட்டுறேன். நீ மின்னாடி நட."

நடந்தேன். இடது கை குழாயில். என் நிழல் எனக்கு முன்னால் தண்ணீர் மேல் நீளமாக விழுந்து ஆடியது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம், தகரத்தைக் கையால் தட்டுவது போல, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அவர் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். ராத்திரிக்கு சமைக்க வேண்டாம், காக்ஸ் டவுனில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஸ்கூட்டர் சரிவுக்கு வெளியில்தானே நிற்கிறது என்று கேட்டார். பாதி தூரம் வந்திருப்போம். என் நிழல் காணாமல் போனது. எல்லாம் காணாமல் போனது.

"ஏங்க?"

"பாட்டரிதான். ஒண்ணுமில்ல. உன்னுத போட்டுக்கினு நட."

போட்டேன். மஞ்சள் வெளிச்சம், இரண்டு கை தூரம்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் பின்னால் ஒரு வண்டி சுவரில் மோதும் சத்தம். கனமான வண்டி. குழாய் என் கைக்குள் அதிர்ந்தது. திரும்பி வெளிச்சம் காட்டினேன். தண்ணீரும் ஒரு வண்டியின் பக்கக் கண்ணாடியும் தெரிந்தன.

"நட மித்ரா. வர்றேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நடந்தேன். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கூப்பிட்டேன். வர்றேன் என்றார். படியின் கைப்பிடியைத் தொட்டபோது இன்னொரு முறை கூப்பிட்டேன். அந்தக் குரல் முன்னால் கேட்ட இடத்திலேயே இருந்தது. ஓர் அடிகூட நெருங்கவில்லை.

"நீ மேல போயி ஆண்ட்ரூவ கூட்டினு வா" என்றார். "கால் வண்டில மாட்டிக்கிச்சு."

திரும்பி அவரிடம் போக இரண்டு அடி வைத்தேன். வராதே என்று ஒரு அதட்டல் போட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மாதிரி ஒரு குரலை அவரிடம் கேட்டதில்லை. மேலே ஓடினேன். பாதிப் படியில் பழைய டார்ச் சிவந்து அணைந்துபோனது.

செக்யூரிட்டி அறையில் ஆண்ட்ரூ போனில் தீயணைப்புக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். அவர்கள் வண்டி தண்ணீர் தேங்கிய சாலையில் நிற்கிறதாம். இடுப்புக்குக் கீழே சேறாக நின்ற என்னைப் பார்த்து, எங்கேயிருந்து அக்கா வருகிறாய் என்று கேட்டான். கீழே இருக்கிறார், கால் மாட்டிக்கொண்டது என்றேன். அவன் கண் சுவருக்குப் போனது.

"ரேக் ஃபுல்லாருக்குக்கா. அண்ணே மேல எங்கயாச்சும் இருப்பாரு. கீழ யாரும் இல்ல."

விளக்கிச் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. போய் நான்காவது கொக்கியில் இருந்த டார்ச்சைக் கழற்றி அவன் கையில் வைத்தேன். அவன் அந்தக் காலிக் கொக்கியைப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் இப்போதும் பார்க்கிறேன். மற்ற ஐந்தையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ரவிக்குமாரைக் கூப்பிட்டபடியே படியில் இறங்கினான்.

கீழ்ப்படிகள் நான்கைந்து தண்ணீருக்குள் போயிருந்தன. கயிற்றின் ஒரு முனையைக் கைப்பிடியில் கட்டினான். வெளிச்சம் உன் வேலை என்று டார்ச் பையை என்னிடம் கொடுத்துவிட்டு இருவரும் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் அடித்த வெளிச்சம் நேராகப் போய் அவர்மேல் விழுந்தது. ஒரு பெரிய வண்டி தூணுக்கும் சுவருக்கும் நடுவே சாய்ந்து அவரைக் குழாயோடு சேர்த்து அழுத்தியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து முட்டி நின்றன. தண்ணீர் அவர் மார்புக்கு இருந்தது. கண் கூசியதும் கையைத் தூக்கி மறைத்தார். பிறகு கையசைத்தார்.

அவர்கள் தள்ளினார்கள். கயிற்றை வண்டியில் கட்டி இழுத்தார்கள். ஒரு வண்டி நகர்ந்தால் சரிவிலிருந்து வரும் தண்ணீர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. திடீரென்று இருட்டு. முதல் டார்ச் போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. பையில் கைவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் உள்ளே இருவரும் கத்தினார்கள். எங்கே குழாய், எங்கே வண்டி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வெளிச்சம் வந்ததும் ரவிக்குமார் தப்பான பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

அடுத்ததும் அப்படியே போனது. ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே அளவு சார்ஜ். நான் ஒரு கையில் எரிகிற டார்ச்சும் மறு கையில் அடுத்த டார்ச்சுமாக நின்றேன், கட்டைவிரல் சுவிட்சின் மேல். போனவற்றைத் தண்ணீரில் போட்டேன். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்ததும் ஒரு படி ஏறினேன். நான் ஒரு படி ஏறினால் அங்கே அவருக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தோள். கழுத்து. ஆண்ட்ரூ மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான். வந்து, ஒரு கட்டை வேண்டும், ஜாக்கி வேண்டும் என்றான். மறுபடி முங்கினான். அவன் குட்டை. அவனுக்கும் தண்ணீர் மோவாயைத் தொட்டது.

பையில் ஒன்றும் இல்லை. கையில் எரிவதுதான் கடைசி.

"மித்ரா" என்று கூப்பிட்டார். "எத்தினி இருக்கு?"

பொய் சொல்ல நினைத்தேன். "இதான்" என்றேன்.

அவர் ஆண்ட்ரூவிடம் ஏதோ சொன்னார். ஆண்ட்ரூ தலையை ஆட்டினான், முடியாது என்று. இன்னொரு தடவை அண்ணே, இன்னும் ஒரே தடவை என்று அவன் சொல்வது எனக்குக் கேட்டது. ரவிக்குமார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"மித்ரா, லைட்ட இங்கருந்து எடு. குழா மேல அடி. இவங்க வரட்டும்."

வெளிச்சத்தை அவர்மேலேயே வைத்திருந்தேன்.

"இருட்டாச்சுன்னா ரெண்டு பேருக்கும் வழி தெரியாது. சின்னப் பசங்க வெச்சிருக்கான் ஆண்ட்ரூ." பிறகு, வீட்டில் ஜன்னலைச் சாத்தச் சொல்லும்போது சொல்வாரே, அந்தச் சாதாரணக் குரலில், "திருப்பும்மா" என்றார்.

திருப்பினேன்.

வெளிச்சம் சிவப்புக் குழாயில் விழுந்தது. முதலில் ரவிக்குமாரின் கை அதற்குள் வந்தது, பிறகு அவன் தலை. அவனுக்குப் பின்னால் ஆண்ட்ரூ, இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, பிறகு பார்க்காமல் வந்தான். நான் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நகர நகர வெளிச்சத்தையும் கூடவே நகர்த்தினேன். ஓரத்து இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது, அப்படித்தான், அப்படித்தான் என்று. கொஞ்ச நேரம் வந்தது.

இருவரும் படியில் கால் வைத்து, என்னைத் தாண்டி மேல்படியில் விழுந்த பிறகும் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அதை அவர் பக்கம் திருப்பினேன். குழாய் தெரிந்தது. வண்டியின் கூரை தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது.